விசில் ஊதாத தபால்காரர்

மலாயாவில் ரந்தாவ் பக்கம் கம்பிப்பாலம் ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் தபால் கொண்டுவந்த வீரமுத்து ஒரு நாள்கூட விசில் ஊதியதில்லை. வேலை கொடுத்த அன்றே ஆபீசில் காக்கிச் சட்டை, தோல் பை, கறுப்புக் கயிற்றில் கோத்த விசில் என்று மூன்றையும் கொடுத்தார்கள். சட்டையைப் போட்டுக்கொண்டார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். விசிலை மட்டும் வீட்டுச் சுவரில் ஓர் ஆணியடித்துத் தொங்கவிட்டார். தொழிலாளர் லயத்து வீடுகள் முன்னால் சைக்கிளை நிறுத்திப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். "மங்கம்மா, கடுதாசி!" காது மந்தமான தாயம்மாவுக்கு என்றால் உள்ளேயே போய்த் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வருவார்.

புதிதாக வந்த துரைமார் கேட்டால், "ஊத வரலங்க துரை, பல்லு சரியில்ல" என்பார். முப்பத்திரண்டு பல்லும் வரிசையாக இருந்த மனுஷன்! அந்த விசிலை ஒரே ஒரு தடவை ஊதினார்கள். ஊதியது அவர் இல்லை. "தபால்காரருக்கு வீம்பு" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். வீம்பாவது ஒன்றாவது! பேசுகிற வாய்க்கு என்ன, நடந்தது தெரிந்தால்தானே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருடம். அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்று சர்க்கார் லயங்களைச் சுற்றி முள்கம்பி அடித்திருந்தது. காலை ஆறு மணிக்குக் கேட் திறக்கும், சாயந்தரம் ஆறு மணிக்கு அடைக்கும். பால் வெட்டப் போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பால் வாளிக்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். பெண்களைக் கொண்டையை அவிழ்க்கச் சொல்வார்கள். சைக்கிள் என்றால் சீட்டைக் கழற்றி, குழாய்க்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். ஒரு ரொட்டித் துண்டுகூடக் கம்பியைத் தாண்டக் கூடாது. விடியற்காலையில் குடித்த கடுங்காப்பியோடு மத்தியானம் வரைக்கும் மரம் சீவ வேண்டியதுதான். மரம் சீவுகிறவனுக்கும் வயிறு என்று ஒன்று இருப்பதைச் சட்டம் எழுதின மகராசன் மறந்துவிட்டான். அவனுக்கு மேசையில் எல்லாம் தயாராக இருந்திருக்கும், அவனுக்கென்ன.

வீரமுத்துவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அவர் மனைவி பஞ்சாலைக்கு இருபத்தாறு. இருவரும் ஒரே நிரை மரங்களில் பால் வெட்டினார்கள். அந்த நிரை தோட்டத்தின் கடைசி, காட்டை ஒட்டியது. ஒரு நாள் காலையில் பஞ்சாலை மரத்தடியில் குனிந்திருந்தபோது காட்டிலிருந்து இரண்டு பேர் வந்து முன்னால் நின்றார்கள். கந்தல் உடுப்பு, கையில் துப்பாக்கி. "அக்கா, அரிசி" என்று கேட்டார்கள். இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். வந்த வழியே போய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எந்தப் புண்ணியவான் போய்ச் சொன்னானோ, மறுநாள் போலீஸ் வந்து அவளை ரந்தாவுக்குக் கூட்டிப்போய் நாள் முழுக்க உட்கார வைத்து, பெயரைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அனுப்பியது.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த நிரையே பயமாகிவிட்டது. காட்டில் ஒரு சுள்ளி முறிந்தால் போதும், திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். உளி தடுமாறி மரத்தில் காயம் விழும். மேற்பார்வை பார்க்கிற மண்டோர் கண்டபடி ஏசுவான். "காட்டுக்காரன் வந்தாலும் நான்தான் செத்தேன், போலீசு வந்தாலும் நான்தான் செத்தேன்" என்று ஒரு நாள் அழுதாள். "எப்படியாச்சும் இந்த நெரயை விட்டு என்னைத் தூக்கி விட்டுருங்க. கக்கூசு கழுவுற வேலைன்னாலும் செய்யிறேன்."

வீரமுத்து மண்டோரிடம் கேட்டார், பெரிய கங்காணியிடம் கேட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி அமிர்தலிங்கம் ஒரு செய்தி சொன்னார்.

தோட்டத்தின் பழைய தபால்காரர் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். ரந்தாவுக்குப் போய்த் தபாலை எடுத்துக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் வேகமாகத் திரும்பி வர நல்ல கால் உள்ளவனாக வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். செரம்பானில் ரயில்வே ஆட்களும் கிராணிமார்களும் சேர்ந்து ஒரு சைக்கிள் சங்கம் வைத்திருந்தார்கள். சித்திரை பிறந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தச் சங்கம் நெடுந்தூர ஓட்டம் ஒன்று நடத்தப் போகிறது. முதலாவது, இரண்டாவது என்ற பேச்சே அதில் கிடையாது. செரம்பான் பாடாங் மைதானத்தில் காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். மலை ஏறி இறங்கி, மந்தின் கடைத்தெருவில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். மறுபடி அதே மலை ஏறி செரம்பான், அப்புறம் ரந்தாவ், கடைசியில் சி ரூசா கடற்கரை. ஐம்பது மைல். பகல் பன்னிரண்டுக்குள் வந்து சேர்கிறவனுக்கெல்லாம் ஒரு பித்தளைப் பட்டயம். பன்னிரண்டுக்கு மேல் வருகிறவனுக்கு ஒரு கிளாஸ் சர்பத்து, அதோடு சரி.

"பட்டயத்தோட வர்றவனுக்குத் தபால் வேலைன்னு துரை வாயாலயே சொல்லிட்டாரு" என்றார் அமிர்தலிங்கம். "ரோட்டோரத்துல வீடு. ஒம் பொண்டாட்டிக்கு ஆயாக் கொட்டாயில புள்ள பாக்குற வேலை. பேரு குடுக்கவா வேணாமா?"

"குடுங்க கிராணியய்யா" என்றார் வீரமுத்து. ஐம்பது மைல் என்பது எவ்வளவு தூரம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

கூட ஓடப் பெயர் கொடுத்தவர் ரந்தாவில் டீக்கடை வைத்திருந்த நஜிமுதீன். நாற்பதைத் தொட்ட வயசு, முன்னால் ஒரு தொந்தி, ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டால் ஆளே வேறு. "என் தொந்தி முன்னால போகும், அதைப் புடிக்க நான் பின்னால போவேன், அவ்வளவுதான் சூட்சுமம்" என்பார். அவர்தான் வீரமுத்துவின் பழைய கறுப்புச் சைக்கிளைக் கடை வாசலில் கவிழ்த்துப் போட்டு, மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி எல்லாவற்றையும் கழற்றினார். ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி முடுக்கினார்.

"என்ன பாய், வண்டி மொட்டையாயிருச்சே?"

"மொட்டையடிச்சாத்தான் வேண்டுதல் பலிக்கும். ஏறி மிதி லா."

இரண்டு மாதம் மிதித்தார்கள். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்புவார்கள், கேட் அடைக்குமுன் திரும்பிவிடுவார்கள். முதல் வாரம் வீரமுத்துவால் உட்காரக்கூட முடியவில்லை. பஞ்சாலை விளக்கெண்ணெய் காய்ச்சித் தொடையில் தேய்த்துவிட்டுக்கொண்டே சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் சிரித்தது அப்போதுதான். மூன்றாம் வாரம் செரம்பான் வரைக்கும் போனார்கள். ஐந்தாம் வாரம் மந்தின் மலையில் ஏறினார்கள். வளைவுக்கு வளைவு எழுந்து நின்று மிதிக்க வேண்டிய மலை அது. எதிரே ராணுவ லாரிகள் உறுமிக்கொண்டு இறங்கும்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது வீரமுத்துவுக்குக் கண் இருட்டியது. பெடலை ஒரு சுற்றுக்கூடத் தள்ள முடியவில்லை. சைக்கிளோடு ரோட்டோரத்தில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். நஜிமுதீன் தள்ளாத குறையாக அவரைக் கடைக்குக் கொண்டுவந்து, டின் பாலை அள்ளி ஊற்றி ஒரு டீயும் ரெண்டு பன்னும் கொடுத்தார். கால் மணி நேரத்தில் உயிர் வந்தது.

"இது சீக்கு இல்ல முத்து, பசி" என்றார் நஜிமுதீன். "வெறும் வயித்துல முப்பது மைலு ஓடும், அதுக்கு மேல ஓடாது. பசி எடுக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு வாய் உள்ள போகணும். ஒன் கேட்டுலதான் ஒரு கடலையைக்கூடக் கொண்டார விடமாட்டானே. கவலைப்படாத. ஓட்டத்தன்னைக்கி என் கடை வாசல்ல மேசை போட்டு, ஓடுற அத்தனை பேருக்கும் பன்னும் டீயும் குடுக்குறேன்."

இதை வீட்டில் வந்து சொன்னதுதான் வீரமுத்து செய்த தப்பு. பஞ்சாலை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் ரெண்டு மாவுருண்டை புடிச்சுத் தரட்டா? மடியில வச்சுக்கிட்டுப் போங்களேன்" என்றாள்.

"ஒனக்கென்ன பைத்தியமா? ஒம் பேரு போலீசு புத்தகத்துல இருக்கு, மறந்துட்டியா? உருண்டை கிருண்டைன்னு எதையாச்சும் செஞ்சு தொலைச்சிடாத!" என்று எரிந்து விழுந்தார். அவள் சரி என்று தலையாட்டினாள். அந்த வாரம் ரேஷன் அரிசியில் அவள் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை அவர் கவனிக்கவில்லை. ஆம்பிளைக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படுகிறது?

ஓட்டத்துக்கு முதல் நாள் ரந்தாவ் ரோட்டில் ஒரு மூட்டை அரிசி பிடிபட்டது. சாயந்தரமே போலீஸ் உத்தரவு வந்துவிட்டது. ரந்தாவிலிருந்து கடல் வரைக்கும் ரோட்டில் யாரும் யாருக்கும் சாப்பிடும் பொருள் கொடுக்கக் கூடாது. வேண்டுமானால் தண்ணீர் கொடுக்கலாம். நஜிமுதீன் மேசையை மடக்கி உள்ளே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. பாடாங்கில் அறுபத்துச் சொச்சம் பேர். சங்கத்தார் கொடுத்த வெள்ளை பனியனை எல்லோரும் போட்டிருந்தார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் யார் எவர் என்றே தெரியாது. மந்தின் மலை ஏறி முத்திரை வாங்குகிற வரைக்கும் வீரமுத்துவுக்குக் கால் லேசாகத்தான் இருந்தது. திரும்பி இறங்கும்போது பின் டயர் பஞ்சர். ஒட்டுப்போட்டுக் காற்றடித்து முடிக்க இருபது நிமிஷம் போய்விட்டது. நஜிமுதீன் கூடவே நின்றார்.

செரம்பானில் சங்கத்தார் வாழைப்பழம் வைத்திருந்தார்கள். நஜிமுதீன் ஓடுகிற ஓட்டத்திலேயே ரெண்டு பழத்தைப் பிடுங்கி ஒன்றை நீட்டினார்.

"வேணாம் பாய், நேரமில்ல. சும்மாவே இருவது நிமிஷம் போச்சு" என்று வீரமுத்து தலையைக் குனிந்து மிதித்தார். ரெண்டையும் நஜிமுதீனே தின்றார். அந்தப் பழத்தை அன்றைக்கு அவன் வாயில் திணித்திருக்க வேண்டும் என்று பிற்பாடு பல நாள் தலையில் அடித்துக்கொண்டார், பாவம்.

ரந்தாவ் தாண்டினதும் பசி பிடித்துக்கொண்டது. ரோடு இரண்டாகத் தெரிந்தது. கம்பிப்பாலத் தோட்டத்து வேலி வரும்போது மணி பத்தரை. இன்னும் பதினாறு மைல்.

வேலி நெடுக லயத்துச் சனம் நின்றது. துரை அன்றைக்குக் காலையிலேயே லீவு விட்டிருந்தார். காவடி வந்தால் கால் குளிர மஞ்சத்தண்ணி ஊற்றுவது அந்தப் பெண்களுக்குக் கைப்பழக்கம். வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்த இந்தச் சைக்கிள்காரர்களைப் பார்த்ததும் அவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. குடம் குடமாக மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டு, கம்பிக்கு மேலே ஓங்கி ஊற்றினார்கள். "அரோகரா" என்றுகூட யாரோ கத்தினார்கள். தண்ணீர் பட்டதும் ஓட்டக்காரர்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள், ரோட்டில் ஒரே கூட்டம். காலால் நடந்து வருகிறவன் பசியோடு போனால் பாவம் என்று வளர்ந்த சனம் அது. அதில் ஒருத்திக்குத்தான் அந்தப் பாவத்தைப் பொறுக்க முடியவில்லை.

வீரமுத்து சைக்கிள் ஆடி ஆடி வேலியோரம் வந்து நின்றது. கம்பிக்கு அந்தப் பக்கம் பஞ்சாலை. ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு. இன்னொரு கை முந்தானைக்குள்.

"என்னங்க, மொகம் இப்படி வெளுத்துப் போயிருக்கு?"

"முடியல பஞ்சாலை. கண்ணு தெரியல."

அவள் முந்தானைக்குள்ளிருந்த கையை முள்கம்பிக்குள் நுழைத்தாள். முள் கீறி முழங்கைக்குக் கீழே ரத்தம் வந்தது. கையில் ஒரு துணிப் பொட்டலம்.

"வேணாம்டி!"

"யாரும் பாக்கல. வாயில போட்டுக்கிட்டே போங்க. நாலே நாலு உருண்டைதான். போங்க, நேரமாகுது, போங்க!"

அவர் வாங்கிக்கொண்டார். பொட்டலத்தைப் பனியனுக்குள் செருகி, ஒரு உருண்டையை வாயில் போட்டு, பெடலை மிதித்தார். வறுத்த அரிசிமாவு, சீனி, துருவிய தேங்காய். நாக்கில் பட்டவுடனே உடம்பு விழித்துக்கொண்டது.

முப்பது கெஜம் போயிருப்பார்கள். பின்னால் விசில் கேட்டது.

நீளமான விசில். நஜிமுதீன் தலையைத் திருப்பினார். "முத்து, விசிலு."

வீரமுத்துவுக்கும் கேட்டது. நன்றாகக் கேட்டது. அது கேட் காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நல்லசாமியின் விசில் என்பதும் தெரிந்தது. தினம் காலையில் அதே விசிலுக்குத்தானே வரிசையில் நின்றார்? நல்லசாமி இதே லயத்தில் பிறந்தவன். பஞ்சாலையை அக்கா என்று கூப்பிடுகிறவன். என்ன செய்துவிடுவான், ரெண்டு சத்தம் போடுவான் என்று நினைத்தார். நின்றால் பத்து நிமிஷம் போகும், பட்டயம் போகும், தபால் வேலை போகும், நாளைக்கு விடிந்தால் அவள் மறுபடி அந்தக் காட்டு ஓரத்தில் நடுங்குவாள் என்று நினைத்தார். அவளுக்காகத்தான் போகிறேன் என்று நினைத்தார். இவ்வளவையும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் நினைத்தார்.

இரண்டாவது விசில்.

"நமக்கில்ல பாய். மிதிங்க" என்றார்.

மூன்றாவது விசில் கேட்டபோது அவர் கால்கள் இன்னும் வேகமெடுத்தன. நஜிமுதீனும் கூடவே மிதித்தார்.

சி ரூசா போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று ஐம்பத்து நான்கு. சங்கத்துத் தலைவர் பித்தளைப் பட்டயத்தை அவர் பனியனில் குத்தினார். எதிரே கடல். பஞ்சாலை கடலைப் பார்த்ததில்லை, ஒரு நாள் கூட்டிவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பொட்டலத்தில் ஒரு உருண்டை மிச்சம் இருந்தது. திரும்பிப் போகும்போது கேட்டில் பிடித்தால் அவளுக்கல்லவா வம்பு என்று அதையும் வாயில் போட்டுக்கொண்டு, துணியைக் கசக்கிக் கடலில் எறிந்தார்.

லாரியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு நாலு மணிக்குத் தோட்டத்துக்குத் திரும்பினார். வீடு பூட்டியிருந்தது. மஞ்சத்தண்ணிக் குடம் வாசலில் கிடந்தது. பக்கத்து வீட்டு மங்கம்மா அவரைப் பார்த்ததும் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். கேட்டுக்கு ஓடினார்.

நல்லசாமி துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குந்தியிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மேல மேட்டுல சார்ஜன் நின்னாரு அண்ணே. கம்பிக்குள்ள அக்கா கைய விட்டதை அவரு பாத்துட்டாரு. 'ஊதுடா'ன்னாரு. நான் ஊதலன்னா என்னையும் சேத்து உள்ள வச்சிருவாங்க. மூணு தடவ ஊதினேன். நீங்க திரும்பி வந்து அந்தப் பொட்டலத்தைக் காட்டியிருந்தா, ஓடுறவனுக்குப் பொண்டாட்டி குடுத்த உருண்டைன்னு ரெண்டு ஏச்சோட போயிருக்கும் அண்ணே. அவரு கீழ எறங்கி வர்றதுக்குள்ள எல்லாரும் போயிட்டீங்க. எல்லாம் ஒரே வெள்ளைப் பனியன், ஆரைன்னு தேடுறது?"

"அவ சொல்லலையா, என் புருசன்னு?"

நல்லசாமி அப்போதுதான் அழ ஆரம்பித்தான். "சொல்லலியே! 'ஆருக்குக் குடுத்தே, ஆருக்குக் குடுத்தே'ன்னு கேட்டுக்கேட்டுப் பாத்தாரு. 'ஆரோ, தெரியாது'ன்னே நின்னுச்சு. புருசனுக்குன்னு சொல்லியிருந்தா லுக்குட்டு ஸ்டேசனுக்குப் போன் போட்டு வழியிலயே உங்கள நிறுத்தியிருப்பாங்கல்ல? ஆபீசுல பன்னெண்டு மணி அடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கல அண்ணே. மணி அடிச்சதும், 'எங்க வீட்டுக்காரருக்குத்தான் குடுத்தேன்'னு சொல்லுச்சு. அப்பச் சொல்லி என்ன? மொதல்ல தெரியாதுன்னவ இப்பப் புருசங்குறா, இவ பொய்க்காரின்னுட்டாரு. பேரு வேற ஏற்கனவே புத்தகத்துல இருக்கு."

வீரமுத்து அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பட்டயம் பனியனில் தொங்கிக்கொண்டிருந்தது.

கேசு மூன்றாம் வாரம் கோர்ட்டுக்கு வந்தது. நான்தான் வாங்கினேன், நான்தான் தின்றேன் என்று சாட்சி சொல்ல வீரமுத்து கிளம்பினார். அமிர்தலிங்கம் கிராணி கூட வந்தார். கோர்ட்டு வாசலில் அவரை ஓரமாக இழுத்து, "விசிலு கேட்டுச்சான்னு கேப்பாங்க. கேக்கலன்னு சொல்லிடு. கேட்டும் நிக்கலன்னா அது தனிக் குத்தம், ஒன்னையும் உள்ள போட்டுருவான். நீயும் உள்ள போயிட்டா அவளை ஆருடா பாக்குறது?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

நீதிபதி கேட்டார். வீரமுத்து கூண்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பஞ்சாலையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"கேக்கலைங்க" என்றார்.

அவர் சொன்னது எதையும் நீதிபதி நம்பவில்லை. தின்றதாகச் சொல்கிற பொருள் எங்கே? துணி எங்கே? கடலில் எறிந்தேன் என்றால் யார் நம்புவார்? கம்பியைத் தாண்டிப் போன உணவு யாருக்குப் போனது என்று நிரூபணம் ஆகவில்லை என்று சொல்லி, ஒரு வருடம் தண்டனை கொடுத்தார். நாலு உருண்டைக்கு ஒரு வருடம்! துரை மட்டும் சொன்ன வாக்குத் தவறவில்லை. அடுத்த வாரமே தபால் வேலையும் ரோட்டோரத்து வீடும் கிடைத்தன. இரண்டு பேர் படுத்து எழுந்திருக்க நல்ல விசாலமான வீடு.

பஞ்சாலையைக் கோலாலம்பூரில் இருந்த ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். பார்க்க அனுமதி கிடைத்த அன்று வீரமுத்து சைக்கிளிலேயே போனார். அதே மந்தின் மலை. வழி நெடுகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்குக் கேட்டுச்சு பஞ்சாலை. மூணு தடவையும் கேட்டுச்சு. கேட்டுத்தான் போனேன். என்னை மன்னிச்சிரு. இதைச் சொல்லாமல் இனிமேல் ஒரு வாய்ச் சோறு இறங்காது என்று தோன்றியது.

நடுவில் கம்பி வலை. அங்கேயும் கம்பி! அந்தப் பக்கம் அவள் வந்து நின்றாள். தலைமுடியைக் கத்தரித்திருந்தார்கள். கையில் முள் கீறின வடு வெளுத்துக் கிடந்தது. அவர் வாயைத் திறக்குமுன் அவள்தான் கேட்டாள்.

"எத்தினி மணிக்குப் போயிச் சேந்தீங்க?"

"பன்னெண்டுக்கு ஆறு நிமிசம் இருக்கையில."

"அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். "ஆறு நிமிசமா? ஒருத்தரும் எனக்குச் சொல்லல. வேல குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க. வீடும் குடுத்துட்டாங்க. பஞ்சாலை, நான் ஒங்கிட்ட ஒண்ணு..."

"இருங்க, நான் சொல்லிக்கிறேன். நேரம் முடிஞ்சிரும்." அவள் வலையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மூணு வாரமும் எனக்குத் தூக்கமே இல்ல. அடைச்சுப் போட்டதுக்காக இல்ல. விசிலு ஊதுச்சே, மூணு தடவ ஊதுச்சே, கேட்டும் திரும்பிப் பாக்காமப் போயிட்டாரோன்னு ஒரு நெனப்பு. பாவி மனசு, அப்படியெல்லாம் நெனைக்குது. கோர்ட்டுல கேக்கலன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் எனக்கு உசிரு வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு வருசம் என்ன, பத்து வருசம்னாலும் இருந்துருவேன்னு ஆயிருச்சு. கேட்டிருந்தா நீங்க நின்னுருப்பீங்க. எனக்குத் தெரியாதா?"

வீரமுத்து வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நின்னுருப்பீங்கல்ல?"

"நின்னுருப்பேன்" என்றார்.

திரும்பி வரும்போது மந்தின் மலையில் மிதிக்க முடியவில்லை. உச்சி வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

ஒரு வருடம் கழித்துப் பஞ்சாலை வந்தாள். ரோட்டோரத்து வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள், சன்னலைத் திறந்து பார்த்தாள், சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தாள். சுவரில் ஆணியில் தொங்கிய விசில் கண்ணில் பட்டது.

"இதென்ன, தபால்காரருக்குக் குடுத்ததா? ஏன் இங்க தொங்குது, நீங்க ஊதுறதில்லையா?"

"எனக்கு ஊத வராது."

"நல்ல தபால்காரர்!" அவள் விசிலை எடுத்து முந்தானையில் துடைத்தாள். அவர் தடுக்கக் கை நீட்டுவதற்குள் வாயில் வைத்து ஓங்கி ஊதினாள். நீளமாக, மூச்சு முட்ட ஊதினாள். பிறகு கண்ணில் நீர் வர அவளே சிரித்துக்கொண்டு, அவர் காதருகே வந்து கேலியாகக் கேட்டாள்.

"இப்பவாச்சும் கேக்குதா, ஐயாவுக்கு?"

"கேக்குது" என்றார் வீரமுத்து. அதற்கு மேல் நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்து, வாய்விட்டு அழுதார். வீடு வந்து சேர்ந்த சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்று நினைத்து, பஞ்சாலை அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.